மாம்பழ சீசனும் அம்மாவின் சர்க்கரையும்

சேலத்தில் சித்திரை பிறந்துவிட்டால் சின்னக்கடை வீதியில் நுழையும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். சேலம் குண்டு, மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, நடுசாலை என்று தள்ளுவண்டியிலிருந்து மண்டி வரைக்கும் மாம்பழம்தான். அதே மாதத்தில்தான் சர்க்கரை உள்ளவர்கள் இருக்கிற வீடுகளில் ஒளிவு மறைவும் ஆரம்பிக்கும். பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்த பழத்தில் இரண்டு குறையும். யார் எடுத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வீட்டில் வயதான ஒருவருக்கு முகம் சுருங்கிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மாபேட்டையில் தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டு, கை ஓயும்வரை தறிக்கு நூல் தார் சுற்றியவர். அறுபது தாண்டியபிறகு சர்க்கரை என்று தெரிந்தது. தெரிந்த அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் வந்தார்கள். சோற்றை இனிமேல் தொடாதே என்றார் ஒருவர். மூன்று வேளையும் சப்பாத்தி என்றார் இன்னொருவர். வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, பாகற்காயைச் சாறெடு, வாழைப்பழம் ஆகாது, கிழங்கு கூடவே கூடாது, மாம்பழம் விஷம். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவிடம் தங்கியது பயம் மட்டும்தான்.

அந்தப் பயம் என்ன செய்தது என்பதை நாங்கள் கூடவே இருந்து பார்த்தோம். பகலெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பார். காய்ந்த சப்பாத்தியை ஒரு துளி கத்திரிக்காய்க் குழம்போடு தின்றுவிட்டுப் போதும் என்று எழுந்துவிடுவார். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு, விளக்குப் போடாமல் சமையலறைத் தொட்டி ஓரம் நின்றுகொண்டு மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்பார். ருசி பார்த்துத் தின்கிற வேகம் இல்லை அது. யாராவது வந்துவிடுவார்களோ என்கிற வேகம். அப்புறம் கொட்டையைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு அடியில் தள்ளிவிடுவார். வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சமைத்துப் போட்ட ஒரு மனுஷி தன் வீட்டில் ஒரு பழத்தைத் திருடித் தின்னவேண்டியிருந்தது. எனக்கு அவருடைய சர்க்கரை அளவைவிட இதுதான் தாங்கவில்லை.

பிறகு ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னப் பெண். எடுத்த எடுப்பில் எதையும் சாப்பிடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வாயில போட்டதெல்லாம் சொல்லுங்கம்மா. நான் திட்டமாட்டேன்" என்றார். அம்மா முதலில் தயங்கினார். பிறகு வரிசையாகச் சொன்னார். விடிகாலையில் காபி. ஒன்பதரைக்கு ஒரு சப்பாத்தி. பதினோரு மணிக்கு டீ. மத்தியானம் எல்லோருக்கும் போட்டு முடித்து மூன்று மணி வாக்கில், பாத்திரத்தில் எது மிஞ்சியதோ அது. நாலரைக்கு டீ, கூட ஒரு முறுக்கு. ராத்திரிக் கணக்கைச் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்து பேனாவை வைத்துவிட்டு, "நீங்க பகல்ல சாப்பிடவே இல்லைங்களேம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாம் மாற ஆரம்பித்தது அந்த வார்த்தையிலிருந்துதான். அம்மா அதிகமாகத் தின்கிறார் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் போதுமானதைச் சரியான நேரத்தில் தின்னவில்லை என்று முதன்முதலாக ஒருவர் சொன்னார்.

அதன்பிறகு நான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் மறக்கமுடியாதது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 முதல் 1945 வரை நடந்த ஒரு சோதனை. இரண்டாம் உலகப்போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து நடத்தினார். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் பாதி உணவுதான். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. ஆனால் அவர்கள் மனத்துக்கு நடந்ததுதான் பெரிது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பசியை ஏமாற்றக் காபியை மேல்மேலும் குடித்தார்கள், சூயிங்கம்மை மென்றுகொண்டே இருந்தார்கள். கட்டுப்பாடு முடிந்து வயிறாரச் சாப்பிட விட்டபிறகும் சிலருக்குப் போதும் என்கிற நிறைவு வர மாதக்கணக்கானது. அத்தனை பேரும் அதற்கு முன் நல்ல ஆரோக்கியமும் மனவுறுதியும் உள்ளவர்கள்.

இதைப் படித்தபோது எங்கள் தெருதான் கண்முன் வந்தது. தறி வீடுகளில் டீ என்பது பசியைத் தள்ளிப்போடும் மருந்து. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்பதால், பசித்தால் ஒரு டீ, மறுபடி பசித்தால் இன்னொரு டீ. அப்படித் தள்ளிப்போட்ட பசி எங்கேயும் போய்விடுவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்தமாக வந்து உட்காரும். அந்நேரத்துக்குத் தட்டில் விழுகிற சோற்றுக்கு அளவு இருக்காது. இதை மனவுறுதி இல்லாமை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை அது.

சரி, அம்மாவுக்கு என்ன மாற்றினோம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. காலை எட்டரைக்குள் வயிறு நிறைய ஒரு வேளை. இட்லியோ கேழ்வரகு அடையோ எதுவானாலும் கூடவே நிலக்கடலைச் சட்னியோ, பச்சைப்பயறோ, ஒரு முட்டையோ. மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு, குழம்பு. சோற்றை எடுக்கவில்லை, குறைத்தோம். குறைந்த இடத்தில் கீரைக் கடைசலும் பொரியலும் பருப்பும் வந்தன. முதலில் காய், அப்புறம் சோறு. காயும் பருப்பும் முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது என்பது ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. சாப்பிட்டபிறகு தெருமுனை வரை ஒரு நடை. மாம்பழத்தை ராத்திரியிலிருந்து பகலுக்குக் கொண்டுவந்தோம். சாப்பாட்டோடு சேர்க்காமல் நாலு மணிக்கு, டீயும் முறுக்கும் இருந்த இடத்தில், ஒரு கதுப்பு. கூடத்தில் உட்கார்ந்து, தட்டில் வைத்து, எல்லோர் எதிரிலும்.

எப்படி மாம்பழத்துக்கு இடம் கொடுத்தார்கள் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். கணக்கு எளிதுதான். மாம்பழச் சதை 100 கிராமில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து சுமார் 15 கிராம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம். மிஞ்சிய சோற்றை வீணாகக்கூடாது என்று அம்மா வழித்துச் சாப்பிட்டது ஒரு கதுப்பு மாம்பழத்தைப்போலப் பல மடங்கு. அதை யாரும் விஷம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படவில்லை. விரல் நுனியில் குத்திப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்போம். எது எவ்வளவு ஏற்றுகிறது என்று அம்மாவே கண்டுபிடிக்க ஆரம்பித்தார். பரீட்சை எழுதப் போகிறவர்போல முதலில் கை நடுங்கியது. பிறகு அவரே ஆர்வமாகக் கேட்டுக் குத்திக்கொண்டார். இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும். அதைவிட முக்கியம், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்தக் கருவி காட்டிக்கொடுத்த ஒரு விஷயம் ஜவ்வரிசி. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு விரதம். விரதமென்றால் சாப்பாடு கிடையாது, ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும். அது அவர் கணக்கில் சாப்பாடே இல்லை. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி நம் வீட்டுப் பொருள். போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது 1943 வாக்கில் இங்கே மரவள்ளியிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். இன்று ஆலைகளுக்கு சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே 1981 முதல் இருக்கிறது. வடநாட்டில் விரத நாளில் இதைத்தான் தின்கிறார்கள். ஆனால் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, படியவைத்து, அந்த மாவைக் குலுக்கி மணியாக்கிக் காயவைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்துதான். நாரோ புரதமோ பேருக்குக்கூட இல்லை. வெறும் வயிற்றில் அதை மட்டும் குடித்தால் சர்க்கரை எகிறும். எகிறியது. அம்மா விரதத்தை விடவில்லை. இப்போது பச்சைப்பயறு சுண்டலும் மோரும்தான் வெள்ளிக்கிழமைக்கு. சாமிக்கு இதில் ஆட்சேபம் இருக்காது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடத்தில். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருடமே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வருவதைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது. என் வகுப்புப் பெண்கள் அந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது யாராவது ஒருத்தி கண்ணைச் செருகுவாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "பசிக்கலை மிஸ்". பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். குண்டாகிவிடுவேன் என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை எடுத்து ஓரமாக வைப்பதில் தெரியும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை என்று தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த வயதில் மாதாமாதம் இரத்தம் இழக்கிற பெண்கள் கீரையையும் முட்டையையும் பார்த்து ஒதுங்குவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதே பெண்களைச் சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் பார்க்கலாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டுமானால், அது எங்கள் ஊர்ச் சொத்து. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுவடை இரண்டு. ஒன்றின்மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் ஒரு கிள்ளு வைத்து, மேலே இன்னொன்றை மூடி, ஒரு அமுக்கு. கடைக்காரர் கைக்கு இது இயந்திரம் மாதிரி வரும். பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே, வரிசையாகப் பத்துத் தட்டுவடையைப் பரப்பி, ஒரே இழுப்பில் சட்னி பூசிக்கொண்டு போவார். வாயில் போட்டால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் பூண்டுக் காரம் காதுவரை ஏறும். நொறுக்கல் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நொறுக்கிக் கிண்ணத்தில் கலக்கித் தருவார். மாங்காய்க் காலத்தில் மாங்காய்த் துருவலும் சேரும். நான் இந்தக் கடைகளுக்கு எதிரி இல்லை. எண்ணெய் நல்லதா என்று பார்க்கவேண்டியது நியாயம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாதென்று 2018 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. மற்றபடி, மத்தியானம் வயிறாரச் சாப்பிட்ட பெண் ஒரு செட் தின்றுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். காலையும் சாப்பிடாமல் மத்தியானமும் கொறித்துவிட்டு வந்தவள் மூன்று செட் தின்கிறாள், பிறகு ராத்திரி சாப்பாட்டைத் தண்டனையாக விட்டுவிடுகிறாள். மறுநாள் காலை மறுபடி மயக்கம். கடை ஒன்றுதான், தட்டுவடையும் ஒன்றுதான். இவளுக்குப் பிரச்சினை கடைக்கு வருவதற்கு எட்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது.

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் செல்போனில் ஒரு செயலி இருந்தது. ஒவ்வொரு இட்லியையும் அதில் ஏற்றுவாள். கணக்கு தாண்டினால் சிவப்பாகும். அப்புறம் அன்றைக்கு முழுக்க அவள் முகமும் வாடிக் கிடக்கும். இது எங்கிருந்து ஆரம்பித்தது என்று யோசித்தால் எனக்கு ஒரு கல்யாண வீடு நினைவுக்கு வருகிறது. பந்தியில் உட்கார்ந்தவளிடம், இலையில் ஜாங்கிரி வைத்த கையோடு, "என்ன பாப்பா, இப்படி ஊதிட்ட" என்றார் ஒரு பெரியம்மா. பாசமான மனுஷிதான். அந்தப் பாசம்தான் இனிப்பையும் வைக்கிறது, எடையையும் சொல்கிறது. நம் விசேஷ வீடுகளில் உடம்பைப் பற்றிப் பேசாத விசாரிப்பே கிடையாது. இளைத்தால் "ஏன் எலும்பாயிட்ட", தேறினால் "குறைச்சுக்கோ". பதினேழு வயதுப் பெண் இரண்டையும் வருடக்கணக்கில் மனத்தில் வைத்துக்கொள்வாள்.

அவள் பிடித்துக்கொண்டிருந்த எண் பிஎம்ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அதை முதலில் கணக்கிட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற புள்ளியியலாளர், 1830களில். மக்கள்கூட்டத்தின் சராசரி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அதைப் பயன்படுத்தினார். தனி ஆளை எடைபோடுவது அவர் நோக்கம் இல்லை. அதற்கு இப்போதுள்ள பெயரை 1972ல் வைத்தவர்களில் அந்த மினசோட்டா ஆன்சல் கீஸும் ஒருவர். நம்மவர்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நமக்குச் சீக்கிரம் சர்க்கரையைக் கொண்டுவருகிறது. டாக்டர் கையில் அது உபயோகமான எண். தினமும் காலையில் எடைமேடையில் ஏறி நிற்கிற பெண்ணின் மனத்தில் அது வேறு வேலை செய்கிறது. இதை அவளிடம் நான் உட்கார்ந்து பேசினேன். பேச்சில் அவள் மாறிவிடவில்லை. அக்கா ஒரு காரியம் செய்தாள், அதுதான் கொஞ்சம் பலித்தது. வீட்டில் சாப்பிடும் நேரத்தில் யார் உடம்பைப் பற்றியும், யார் எவ்வளவு போட்டுக்கொள்கிறார்கள் என்பது பற்றியும் பேச்சு எழக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பாராட்டும் கிடையாது, "இன்னைக்கு நல்லா சாப்பிட்டியே" என்றுகூட. அந்த வார்த்தையும் அளந்து பார்க்கிற வார்த்தைதான். முதல் கொஞ்ச நாள் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் பஸ்ஸில் நடந்தது, கல்லூரியில் நடந்தது என்று வேறு பேச்சு வந்தது. அவள் தட்டிலும் குழம்பு வந்தது. செயலியை எப்போது நீக்கினாள் என்று தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சாப்பிட்டதை விரல்விட்டு வாந்தியெடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மாதவிடாய் நின்றுபோவது, ஒளிந்து அளவில்லாமல் தின்றுவிட்டு வெட்கத்தில் அழுவது, வேகமாக எடை இறங்குவது, இதில் எது தெரிந்தாலும் வீட்டுப் பேச்சு போதாது. அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு. எடை கூடுதலாக இருப்பவர்களுக்கும் வரும், பையன்களுக்கும் வரும். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு உதவியது எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் பிரித்துச் சொன்ன ஒரு முறை. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யவேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். நாம் அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம். செல்போனைக் காட்டி வாயைத் திறக்கவைத்து இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று ஊட்டுகிறோம். வயிறு நிறைந்தது என்று அந்தப் பிள்ளையின் உடம்பு சொல்வதை அது கேட்காமல் செய்துவிடுகிறோம். தட்டில் மீதி வைத்தால் பாவம் என்று என் பாட்டி சொல்வார். பஞ்சம் கண்ட தலைமுறை, அவருக்கு அது உண்மை. அதற்கு வழி குறைவாகப் போடுவதும், கேட்டால் மறுபடி போடுவதும்தான்.

போன வருடம் சக ஆசிரியை ஒருவரின் ஊருக்குப் போனேன். சேர்வராயன் மலையில், இருபது கொண்டையூசி வளைவும் ஏறி, ஏற்காடு ஏரியையும் தாண்டி, சுற்றுலாக்காரர்கள் போகாத பக்கம். மலையாளிப் பழங்குடியினர் ஊர். அவர் அம்மா சாமைச் சோறு ஆக்கியிருந்தார். அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு கீரை. சாமையை உரலில் குத்திப் புடைத்து உமி நீக்க எவ்வளவு நேரமாகும் என்று முறத்தைக் கையில் வைத்துக் காட்டினார். காபித் தோட்டக் கூலியும் ரேஷன் அரிசியும் வந்தபிறகு இவ்வளவு வேலை யார் செய்வார்கள் என்றார். நகரத்தில் சாமை சாப்பிட்டால் சர்க்கரை வராது என்று பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியெல்லாம் நாங்க நினைச்சுச் சாப்புட்டதில்லைங்க டீச்சர். பசிக்குச் சோறு. வேலை செய்வோம், சாப்புடுவோம்" என்றார்.

2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. நல்ல காரியம், உழவர்களுக்கு விலை கிடைக்கட்டும். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம். ஆனால் அதுவும் தானியம், அதிலும் மாவுச்சத்துதான் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வின் 2025ஆம் வருட அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நம் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானிய மாவோ போடுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அங்கே பருப்பு, பால், முட்டை போன்ற புரதம் வந்தால் குறைகிறது. மாம்பழத்தை விஷம் என்று சொன்ன அதே வாய்தான் சாமையை மருந்து என்கிறது. இரண்டிலும் சாப்பாடு சாப்பாடாக இல்லாமல் போய்விடுகிறது. அந்த மலைவீட்டில் எனக்குப் பிடித்தது சாமை மட்டும் இல்லை. பெரிய கிண்ணத்தில் குழம்பு, அதில் பாதிக்குமேல் அவரைக்கொட்டை. சோற்றுக்கு நிகராகக் கீரை. அந்தத் தட்டை அரிசிச் சோற்றோடும் நாம் அமைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் எங்கள் வீட்டில் சரியாகாத ஒன்று இருக்கிறது. அம்மா இன்னும் கடைசியாகத்தான் சாப்பிட நினைக்கிறார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்கள், பிள்ளைகள், விருந்தாளிகள் எல்லோரும் எழுந்தபிறகு, அடுப்படித் தரையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, ரசத்தின் அடியும் பொரியலின் ஓரமும் பிள்ளை மீதி வைத்த சோறும் சேர்த்து ஒரு தட்டு. மீன் குழம்பு வைத்த அன்று பெண்கள் தட்டில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. காயும் பருப்பும் முட்டையும் முதலில் தீரும், சோறுதான் மிஞ்சும். ஆகவே வீட்டுப் பெண்களுக்கு மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு, நேரம் தவறிய பசி. இதை வைத்துக்கொண்டு உணவோடு நல்ல உறவு வேண்டும் என்று அவர்களுக்குப் புத்தி சொல்வது நியாயமே இல்லை. யார் முதலில் உட்கார்வது, யார் பரிமாறுவது என்பது மாறாமல் அவர்கள் தட்டு மாறாது.

சாதாரண நாட்களில் எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பாத்திரங்களும் கூடத்துக்கு வந்துவிடுகின்றன. நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, அவரவர் போட்டுக்கொள்வது. வெளிக்கு ஆள் வந்தால்தான் அம்மா மறுபடி எழுந்து கரண்டியைப் பிடித்துவிடுகிறார். உட்காருங்கள் என்றால், "நீங்க சாப்புடுங்க கண்ணு, எனக்கென்ன அவசரம்" என்பார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தீபாவளிக்கு அண்ணன் குடும்பமும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். கூடத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார இடம் போதாது, இரண்டு பந்தி ஆகும். நானும் அண்ணியும் போனில் பேசி வைத்திருக்கிறோம். முதல் பந்தியில் அம்மா, சம்பந்தி அம்மா, அண்ணி, நான், பிள்ளைகள். பரிமாறுவது அண்ணனும் என் வீட்டுக்காரரும். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.